அலைவுகாட்டியின் திரை ஏன் அணைகிறது?

வானொலிப் பெட்டிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் திருத்தும் வேலைத்தலங்களிலும், பல்கலைக்கழகப் பௌதிக ஆய்வுகூடங்களிலும் ஒரு காலத்தில் தவறாது காணப்பட்ட கருவி கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி. கையகலமுள்ள கண்ணாடித் திரையொன்றிலே பச்சை நிறமான ஒளிக்கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் கூடும்போது கோடு மேலெழும், குறையும்போது கீழிறங்கும். கண்ணுக்குப் புலப்படாத மின்னலையின் வடிவத்தை வரைந்து காட்டும் அக்கருவியின் இடத்தை இன்று இலக்கமுறைக் கருவிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. எனினும் பழைய அலைவுகாட்டிகளைப் பேணி வைத்திருப்போரும், அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தொழில் பழகுவோரும் உலகின் பல பாகங்களிலும் உளர்.

அத்தகையோரிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. கருவியை இயக்கியதும் கோடு நன்றாகத் தோன்றுகிறது. அளவைகளும் சரியாக இருக்கின்றன. சிறிது நேரஞ் சென்றதும், எவரும் தொடாமலே, திரை இருண்டுவிடுகிறது. காற்றாடி சுழல்கிறது, முகப்பு விளக்குகள் எரிகின்றன, கோடு மட்டும் இல்லை. இதைக் கண்டவுடன் திருகாணியை எடுத்து மூடியைக் கழற்றுவோரே பலர். அவ்வாறு அவசரப்படுதல் இரு வகையில் ஆபத்தானது. மூடியின் உள்ளே உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தம் இருக்கிறது என்பது ஒன்று. மற்றது, அந்த இருள் நோயன்று, காப்பாக இருக்கவுங்கூடும் என்பது. காப்பை நோயெனக் கருதி அறுத்தெறிந்தவர், இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்து தராத கண்ணாடிக் குழாயொன்றைத் தம் கையாலேயே பாழாக்கியவராவர்.

ஆகவே திரை எதனால் அணைகிறது என்பதை அறியுமுன், அது எதனால் ஒளிர்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

காள் பேர்டினண்ட் பிறௌன் என்ற ஜேர்மன் அறிஞர் 1897 ஆம் ஆண்டில் ஸ்ட்றாஸ்பேர்க் நகரிலே இவ்வகைக் குழாயை முதன்முதல் அமைத்தார். கம்பியில்லாத் தந்தித் துறையில் ஆற்றிய பணிக்காக 1909 இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே. காற்று நீக்கிய குழாயின் பின்புறத்தில் வெப்பமேற்றிய கதோட்டு ஒன்று இலத்திரன்களை வெளியிடுகிறது. உயர்ந்த மின்னழுத்தம் அவற்றை முன்னோக்கி இழுத்து விரையச் செய்கிறது. வழியிலே இரு சோடித் தகடுகள் அக்கற்றையை மேலுங் கீழுமாகவும், இடம் வலமாகவும் வளைக்கின்றன. முடிவிலே, திரையின் உட்புறத்திற் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருளை இலத்திரன்கள் மோதும்போது ஒளி பிறக்கிறது. அலைவுகாட்டிகளிற் பெரிதும் பயின்ற பச்சைத் திரையின் ஒளிர்பொருள், சிறிதளவு செம்பு சேர்த்த நாகசல்பைட்டு.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மோதும் இலத்திரன்களின் சக்தியிற் சிறு பங்கே ஒளியாகிறது, மிகுதி வெப்பமாகிறது. பத்தாயிரம் உவோற்று அழுத்தத்திலே பத்து மைக்குரோ அம்பியர் ஓட்டம் பாய்வதாகக் கொண்டால், திரைக்குச் செல்லும் வலு ஓர் உவாற்றின் பத்திலொரு பங்குதான். கேட்பதற்கு இது அற்பமே. ஆனால் அது முழுவதும் ஊசிமுனை போன்ற ஒரே புள்ளியில் நெடுநேரம் விழுமாயின், அவ்விடத்து ஒளிர்பொருள் கருகிவிடும். கருகிய புள்ளி மீண்டும் ஒளிராது. ஆதலால் அக்காலத்து ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம், கோட்டை வேண்டிய அளவுக்கு மேல் ஒளிரவிடாதே, அசையாப் புள்ளியைத் திரையில் நிறுத்தாதே என்பதாகவே இருந்தது. அந்நாளில் திரையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் மனிதனுடைய கையிலேயே இருந்தது.

அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலுள்ள போட்லண்ட் நகரில், ஹோவாட் வொலம், ஜாக் மேர்டொக் முதலியோர் 1946 இல் தொடங்கிய ரெக்ரொனிக்ஸ் நிறுவனம் மறு ஆண்டிலேயே 511 என்னும் அலைவுகாட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அலை ஒரு குறித்த நிலையை அடையும்போது மட்டும் கற்றையின் வீச்சு தொடங்குமாறு அதில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. இதனாற் படம் ஓடாமல் திரையில் நிலைத்து நின்றது. காலத்தைத் திருத்தமாக அளக்கவும் முடிந்தது. இவ்வொழுங்குடன் வேறொன்றும் வந்து சேர்ந்தது. வீச்சு நிகழாத வேளையில் கற்றை அணைக்கப்பட்டிருக்கும். அலை வராவிட்டால் வீச்சும் இல்லை. வீச்சு இல்லாவிட்டால் திரையில் ஒளியும் இல்லை.

எனவே, "திரை தானாக அணைந்துவிட்டது" என்று கூறுவோர் முதலிற் பார்க்கவேண்டியது இதனையே. முகப்பிலுள்ள ஆளி 'நோர்மல்' என்ற நிலையில் இருக்குமாயின், ஆராயப்படும் அலை நின்றவுடன் அல்லது சிறுத்தவுடன் திரை இருளும். அதனை 'ஓட்டோ' என்ற நிலைக்கு மாற்றினால், அலை இல்லாவிடினும் கருவி தானாகவே வீச்சைத் தொடங்கி, ஒரு நேர்கோட்டை வரைந்து காட்டும். கோடு திரைக்கு வெளியே மேலோ கீழோ விலகிப் போயிருப்பதும் உண்டு. பல கருவிகளில் இதற்கென்றே கற்றையைத் தேடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதனை அழுத்தினால் விலகிய கற்றை எங்கிருந்தாலும் திரைக்குள் வந்து முகங்காட்டும். இவ்விரண்டையும் செய்து பாராமல் மூடியைத் திறந்தவர்களுடைய கதைகள் வேலைத்தலங்களில் ஏராளம்.

இவற்றால் திரை தெளியவில்லையெனின், இருள் எவ்வாறு வந்தது என்பதை நோக்கவேண்டும். நோயாளியைத் தொடுமுன் நோய் வந்த வரலாற்றைக் கேட்கும் வைத்தியரைப் போல, கருவியைத் தொடுமுன் திரை அணைந்த விதத்தைக் கண்ணாற் பார்த்தல் நன்று. உண்மையான பழுதுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு.

ரெக்ரொனிக்ஸ் நிறுவனம் 1964 இல் வெளியிட்ட 547 என்ற அலைவுகாட்டி, வால்வுகளும் திரான்சிற்றர்களும் கலந்து அமைந்தது. அக்காலத்திலே பெரும் புகழ் பெற்றது. அக்கருவியிலும் அதன் காலத்து உடன்பிறப்புகள் சிலவற்றிலும் உயர் அழுத்த நிலைமாற்றியின் கம்பிச் சுருள்கள் எப்பொக்சிப் பிசினிலே பதிக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்திய கருவிகளில் மெழுகு பூசிய சுருள்களே இருந்தன. புதிய பிசின் உறுதியானது, ஈரம் புகவிடாதது என்று கருதப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஆண்டுகள் சென்றபின் சில நிலைமாற்றிகளில் அதன் குறை வெளிப்பட்டது. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திசைமாறும் அழுத்தத்தின் கீழே, அப்பிசின் தானே சக்தியை உறிஞ்சி வெப்பமடைகிறது. வெப்பமேற உறிஞ்சுதலும் கூடுகிறது. உறிஞ்சுதல் கூட வெப்பமும் ஏறுகிறது. அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் சுற்று, இழப்பை ஈடுசெய்ய மேலும் மேலும் வலுவைத் தள்ளுகிறது. ஓர் எல்லைக்கு மேல் தள்ளுவதற்கு வலு இல்லாதபோது அழுத்தம் சரிகிறது.

அவ்வாறு சரியும்போது திரையில் நடப்பதென்ன? கோடு உடனே மறைவதில்லை. முதலிற் படம் பெருக்கிறது! ஐந்து கட்டங்களை நிரப்பிய அலை ஆறு கட்டங்களை நிரப்புகிறது, விளிம்புகள் மங்குகின்றன, கோடு தடித்து, ஒளி குன்றி, பின்னரே மறைகிறது. காரணம் எளிது. இழுக்கும் அழுத்தம் குறைந்தால் இலத்திரன்கள் மெதுவாகச் செல்கின்றன. மெதுவாகச் செல்பவை தகடுகளுக்கிடையே கூடுதலான நேரம் தங்குகின்றன. எனவே கூடுதலாக வளைகின்றன. விரைந்தோடும் ஓடத்தைவிட மெல்லச் செல்லும் ஓடத்தைப் பக்கக் காற்று அதிகமாக ஒதுக்கிவிடுவது போன்றதே இதுவும். கருவியை அணைத்து ஆறவிட்டால் மீண்டும் கோடு வரும். சூடேறியதும் மீண்டும் போகும். படம் பெருத்து மறைதல், ஆறியபின் மீளுதல் என்ற இரண்டும் சேர்ந்து காணப்பட்டால் நிலைமாற்றியைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. பிசினில்லாத புதிய சுருள் சுற்றி இதனை மாற்றியவர்கள் உளர். அது பொறுமையும் பயிற்சியும் வேண்டும் வேலை. முதன்முதலாகக் கருவி திறப்பவர் தொடவேண்டிய வேலையன்று.

இனி, நோயல்லாத இருளுக்கு வருவோம். இதுவே மிகவும் சுவையானது. மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இதுவே.

ஒரே வடிவத்தில் மீண்டும் மீண்டும் வரும் அலையை அலைவுகாட்டி எளிதிற் காட்டிவிடும். கற்றை செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை ஒரே தடத்தில் ஓடி ஒளியைச் சேர்க்கிறது. ஆனால் ஒரேயொரு முறை நிகழ்ந்து மறையும் துடிப்பை என் செய்வது? மின்பொறி ஒன்று பாய்தல், கணிப்பொறியின் சுற்றிலே எப்போதாவது தோன்றும் தவறான துடிப்பு ஆகியவை நூறு கோடியில் ஒரு பங்கு செக்கன் அளவிலே தோன்றி முடிந்துவிடும். கற்றை ஒரே தடவை அத்தடத்தைக் கடக்கும்போது ஒளிர்பொருளில் விழும் இலத்திரன்கள் மிகச் சில. அவ்வொளி கண்ணுக்கு எட்டாது. நுண்ணுணர்வுள்ள புகைப்படச் சுருளுக்கும் அரிதாகவே எட்டும்.

இக்குறையைத் தீர்க்கவே 1970களின் இறுதியில் வெளிவந்த ரெக்ரொனிக்ஸ் 7104 என்ற கருவியிலே நுண்கால்வாய்த் தட்டு என்னும் உறுப்பு குழாயின் திரைக்குச் சற்றுப் பின்னால் அமைக்கப்பட்டது. அது மெல்லிய கண்ணாடித் தட்டு. தேன்கூட்டைப் போல எண்ணற்ற துளைகளையுடையது. ஒவ்வொரு துளையும் தலைமயிரினும் மெல்லியது. தட்டின் இரு பக்கங்களுக்குமிடையே உயர்ந்த அழுத்தம் கொடுக்கப்படுகிறது. ஒரு துளைக்குள் நுழையும் இலத்திரன் அதன் சுவரில் மோதும்போது சுவரிலிருந்து சில இலத்திரன்கள் தெறிக்கின்றன. அவையும் முன்னே இழுக்கப்பட்டு மீண்டும் சுவரில் மோதி, மேலும் பலவற்றைத் தெறிக்கச் செய்கின்றன. ஒன்றாய்ப் புகுந்தது பெருங்கூட்டமாய் வெளியேறித் திரையை ஒளிரச் செய்கிறது. இதனால் செக்கனுக்கு 100 கோடி அலைவுகள் வரை காட்டவல்ல அக்கருவியில், ஒரேயொரு முறை நிகழும் துடிப்பையும் சாதாரணக் கண்ணாற் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

அதன் வரையும் வேகம் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில் 20 சதமமீற்றர். அதே நேரத்தில் ஒளி செல்வது ஏறக்குறைய 30 சதமமீற்றர். ஒளியின் வேகத்தில் மூன்றிலிரு பங்கு வேகத்தில் திரையிற் புள்ளி ஓடுகிறது! அங்கே ஓடுவது பொருளன்று, இலத்திரன்கள் விழும் இடம் மாறுவதே என்பதால் இயற்கை விதி எதுவும் இதனால் மீறப்படவில்லை. ஆயினும் மனிதர் கண்ணாற் பார்த்த எழுத்துகளுள் இதைப் போல் விரைந்து எழுதப்பட்டவை மிகச் சிலவே இருக்கும்.

இத்தகைய ஆற்றலுக்கு ஒரு விலையும் உண்டு. நுண்கால்வாய்த் தட்டு பாவிக்கப் பாவிக்கத் தேய்வது. இலத்திரன்களை இறைத்துக்கொண்டே இருக்கும் துளைச்சுவர், குறிப்பாக இலத்திரன் கூட்டம் பெருகி நிற்கும் வெளிவாய்ப் பக்கத்துச் சுவர், தொடர்ந்த மோதலால் தன்மை மாறி, தெறிக்கவிடும் ஆற்றலை இழக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் வாழ்நாளில் இறைக்கக்கூடிய இலத்திரன் தொகைக்கு ஓர் அளவுண்டு என்று கூறலாம். ஒரே தடத்தில் ஓடிய வண்டிச் சில்லு பாதையைப் பள்ளமாக்குவது போல, திரையின் நடுவே நாள் முழுவதும் ஓடிய வெறுங்கோடு, அத்தட்டிலே மங்கலான ஒரு வரியை நிலையாகப் பதித்துவிடும். சாதாரணக் குழாயில் மிதமான ஒளியில் ஓடும் கோடு பல ஆண்டுகள் கெடுதி செய்யாது. இங்கோ மிதமான கோடும் மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது.

வடிவமைத்தோர் இதனை நன்கறிந்திருந்தனர். நூறு பேரில் ஒருவராவது கருவியை இயக்கிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுவார் என்பதையும் அறிந்திருந்தனர் போலும். ஆதலால் கற்றையின் செறிவை மட்டுப்படுத்தும் சுற்றோடு, குறித்த நேரத்திற்குப்பின் திரையைத் தானாக அணைத்துவிடும் ஒழுங்கையும் சேர்த்தனர். ஒளியை மிகுதியாக வைத்தால் விரைவில் அணையும். மங்கலாக வைத்தால் தாமதித்து அணையும். ஒளிர்வுக் குமிழை மீண்டும் அசைத்தால், "ஆள் இருக்கிறார்" என்று கருவி அறிந்துகொண்டு கோட்டைத் திரும்பக் காட்டும். 1980களின் நடுப்பகுதியில் வந்த 2467 என்ற தூக்கிச் செல்லத்தக்க கருவியிலும் இவ்வகைத் தட்டும் இவ்வகைக் காப்பும் உண்டு.

இந்த இருளின் குணம் முன்கூறிய நோயின் குணத்திற்கு நேர்மாறானது. படம் பெருப்பதில்லை; விளிம்பு மங்குவதில்லை; கோடும் திரையில் எழுதப்பட்டிருந்த எண்களும் ஒருங்கே மறைகின்றன. குமிழை அசைத்தால் அப்பொழுதே திரும்புகின்றன. ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்வளவையும் மூடியைத் தொடாமலே கண்டுகொள்ளலாம்.

காப்பு என்று தெரிந்த பின்னரும் அதனைத் தொல்லையாகக் கருதுவோர் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலும் இல்லை. எப்போதாவது ஒருமுறை வரும் துடிப்பை எதிர்பார்த்துத் திரையை நோக்கி அமர்ந்திருப்பவருக்கு, துடிப்பு வரும் கணத்திலே திரை அணைந்திருக்குமானால் அரைநாள் உழைப்பும் வீண். அக்கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கே காப்பு குறுக்கே நிற்பதுபோல் தோன்றும். இதனாற் சிலர் அணைக்கும் சுற்றைத் துண்டித்துவிடுகின்றனர். அது கூரை ஒழுகுகிறதென்று மழையைத் திட்டியவன், வெயில் வந்ததும் கூரையையே பிரித்த கதையாக முடியும். அணைக்கும் சுற்றை நீக்கிய கருவி சில காலம் இனிதே நடக்கும். பின்னர் ஒற்றைத் துடிப்பைக் காட்டும் ஆற்றல் எதற்காக விரும்பப்பட்டதோ, அவ்வாற்றலே குன்றிவிடும்.

துண்டிக்காமலே செய்யக்கூடியவை சில உண்டு. ஒற்றை வீச்சு முறையிற் கருவியை வைத்துக் காத்திருக்கும்போது, திரையில் தொடர்ந்து எரிவது எண்களும் எழுத்துகளும் மட்டுமே. அவற்றின் ஒளியை முற்றாகக் குறைத்துவிட்டால் தேய்வின் பெரும்பகுதி நீங்கும். அறையின் விளக்கைத் தணித்தால் கோட்டின் ஒளியையும் பாதியாகக் குறைக்கலாம்; நண்பகல் வெளிச்சத்திற் குமிழை எல்லைவரை திருப்புவதைப் போன்ற ஊதாரித்தனம் இதில் வேறில்லை. துடிப்பு எத்தகையது, எந்நேரத்தில் வரும் என்பதைச் சாதாரண அலைவுகாட்டியொன்றில் முதலிற் பார்த்து வைத்துக்கொண்டு, இறுதியில் மட்டும் அரிய கருவியைப் பயன்படுத்துதல் இன்னும் நல்லது. மீண்டும் மீண்டும் வரும் அலைகளைப் பார்ப்பதற்கு நுண்கால்வாய்த் தட்டு தேவையே இல்லை. பொன் அளக்கும் தராசிலே விறகு நிறுப்பானேன்?

உண்மையிலே மூடியைத் திறக்கவேண்டி வந்தால், மின்செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளிலும் குழாயின் கண்ணாடியிலும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறத்தலாகாது. உயர் அழுத்தப் பகுதியில் வேலை செய்து பழகியவர் அருகிலிருந்து காட்டித் தராதவரை, அப்பகுதியை விலக்கி வைப்பதே முறை.

இத்தகைய கருவியொன்றைப் பழைய பொருளாக வாங்க எண்ணுபவர், கோடு தெரிகிறது என்ற ஒன்றையே பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. உயர்ந்த மீடிறனுள்ள அலையொன்றைக் கொடுத்து, வீச்சை மெதுவாக்கி, திரை முழுவதும் ஒரே சீரான ஒளிப்பரப்பாக நிரம்பும்படி செய்து, ஒளியை மிகத் தாழ்த்திச் சில கணம் நோக்கவேண்டும். நடுவே கிடையாகக் கரிய வரி தெரிந்தால், அங்கே நெடுங்காலம் வெறுங்கோடு ஓடியிருக்கிறது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கட்டங்கட்டமாக இருட்டுத் தெரிந்தால், அவை ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் எரிந்த எண்களின் தடங்கள்.